பைபிள் உறைக்குள் இருந்த கார்டு

சிட்லபாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பிளஸ்ஸிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். மான்செஸ்டர் குளிரில் உன் இருமல் நின்றதா? நான் அனுப்பிய கஷாயப் பொடியைத் தொட்டிருக்கவே மாட்டாய், எனக்குத் தெரியும்.

கையால் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேனே என்று சிரிக்காதே. போனில் பேசினால் பூல்மணி காதில் விழும். ஜார்க்கண்டிலிருந்து வந்து இரண்டு வருஷமாக இங்கேயே தங்கி வேலை செய்கிறவள், "சரி ஆன்ட்டி" தவிர வேறு தமிழ் தெரியாதவள் என்றுதான் நினைத்திருந்தேன். அதோடு, போன வாரம் நீ ஒரு கேள்வி கேட்டதும் பட்டென்று போனை வைத்துவிட்டேன். அதற்கும் பதில் சொல்ல வேண்டுமே.

போன புதன்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிர்ந்து, நல்ல தமிழிலேயே, "ஆன்ட்டி, என் ஆதார் கார்டு குடுங்க. பொண்ணுக்குக் கல்யாணம். ஊருக்குப் போகணும்" என்றாள். எனக்குத் திக்கென்றது. வேலைக்கு வந்த அன்றே அதை வாங்கி என் பைபிள் உறையின் ஜிப்புக்குள் வைத்தேன். பத்திரத்துக்காகத்தான். பக்கத்து வீட்டு ஹெப்சியும் தன் வேலைக்காரியின் கார்டை அப்படித்தான் வைத்திருக்கிறாள். இத்தனை நாள் வாய் திறக்காதவளுக்கு இப்போது யார் சொல்லிக்கொடுத்தது?

மாடியில் குடியிருக்கும் பத்ரி மேல்தான் முதல் சந்தேகம். இந்தி தெரிந்தவன், மொட்டைமாடியில் இவளோடு பேசுவான். கேட்டதற்கு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டான். ஆட்டோ சுந்தர்சிங்கைக் கேட்டால், "எனக்கு இன்னாம்மா தெரியும், சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்கிறான். ஹெப்சியோ, "கார்டைக் குடுத்தீங்க, அவ்ளோதான் அக்கா, திரும்பியே வரமாட்டா" என்று பயமுறுத்தினாள். கல்யாணமே பொய்யோ என்றுகூட நினைத்தேன். பூல்மணி தன் போனில் கல்யாணப் பத்திரிகையின் போட்டோவைக் காட்டினாள். இந்தியில் இருந்தது, நான் என்னத்தைக் கண்டேன்! கேட் சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டம். அடிமை முறை ஒழிந்த வரலாற்றைப் பற்றி நான் பேச வேண்டும். முப்பத்தோரு வருஷம் சரித்திரம் நடத்தியவளை விட்டால் யார்? 1833இல் பிரிட்டிஷ் சட்டம், 1843இல் நம் நாட்டுக்கு, 1888இல் பிரேசில், எல்லாம் விரல் நுனியில். ஒரு வாரமாக ஹாலில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அமெரிக்கத் தோட்டங்களில் எஜமான் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் அடிமைகள் வெளியே போக முடியாது என்ற இடத்தில் குரலை ஏற்றுவேன்.

மைக் முன்னால் அந்த இடம் வந்தது. அடுத்த தாளுக்காக பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்தேன். தாளோடு பூல்மணியின் கார்டும் வந்து விழுந்தது. என்னைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவள், கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. பிரஷர் என்று நினைத்து, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். பிரேசில்வரை நான் போகவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அவளையே கேட்டேன். "நீங்கதான் ஆன்ட்டி. சீட்டு இல்லாம வெளிய போக முடியாதுன்னு டெய்லி ஹால்ல சொன்னீங்களே" என்றாள். வெட்கத்தில் செத்தேன் பிளஸ்ஸி.

அவள் கார்டைத் திருப்பிக் கேட்கிறாள் என்று போன வாரம் போனில் சொன்னதும், அது உங்களிடம் எதற்கு என்றுதானே நீ கேட்டாய்? பத்திரத்துக்கு இல்லை. அப்பாவும் போய், நீயும் போன பிறகு, "மாத்திரை போட்டீங்களா" என்று கேட்க இந்த வீட்டில் வேறு ஆளில்லை. அதற்குத்தான்.

நேற்று கார்டைக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை ரயில். இன்று காலை அவள் குளிக்கப் போனதும், பழக்க தோஷம், அவள் பையைத் திறந்து பார்த்தேன். தன் துணி அத்தனையையும் அடுக்கி வைத்திருக்கிறாள். ஒரு கல்யாணத்துக்கு எதற்கு அத்தனை துணி? உன் கல்யாணத்துக்கு நான் கட்டிய அரக்குப் பட்டுப்புடவையை அதற்குள் வைத்து ஜிப்பை மூடினேன்.

திரும்பி வருவாயா என்று நான் அவளைக் கேட்கவில்லை. நீயும் போன் போட்டுக் கேட்டுவிடாதே, கண்ணு. உன்னையும், ஊருக்குப் போகிறவளையும் ஆண்டவர் காக்கட்டும்.

உன் அம்மா,
ரத்தினபாய்