சுவரில் ஒரு நீலப் பூச்சு

புதன்கிழமை, மார்கழி 12

கூடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் தெரிந்த பச்சைப் பட்டை, வெள்ளைக்காரன் காலத்தில் வீடு கட்டியபோதே தீட்டியதா, பிறகு வந்ததா என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். பிறகு வந்தது என்றால் நாளை வாலாஜாபாத் பெயிண்டர் மெஷின் வைத்துச் சுவரையே தேய்த்துவிடுவார்.

இன்று சுண்ணாம்பு சுரண்ட வந்த சரசம்மா பாதியில் கையை நிறுத்தினார். வெள்ளைப் பூச்சுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் அடர் நீலம்.

"இது எங்கம்மா அடிச்சது சார். பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிக்கசொல்ல வெளுப்புக்குப் போடற நீலத்த சாஸ்தியா கொட்டிச்சாம். உங்க தாத்தா திட்டின திட்டு ஊருக்கே கேட்டுச்சாம். அப்ப நான் வயித்துல."

அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. இந்த வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பூச்சு. நீலத்துக்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். நாற்பதைத் தாண்டியது; ஆக மொத்தம் நூறு வருஷம், வீடு கட்டிய காலம். அதற்கும் அடியில், காரையை ஒட்டி, பச்சை. வீட்டோடு பிறந்ததுதான். பெயிண்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று அந்தக் கை தவறாமல் இருந்திருந்தால் எங்கிருந்து எண்ணுவது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

"நீலத்துல ஒரு முழம் சுரண்டாம விட்டுடுங்க" என்றேன்.

"அது தப்பா அடிச்சது சார்."

"அதனாலதான்."

சரசம்மா முந்தானையால் நீலத்தை ஒரு தடவை துடைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து சுரண்டினார்.

தாத்தாவின் திட்டு அந்த அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. என் நன்றி மகளுக்குத்தான் கிடைத்தது. அதையாவது வாய்விட்டுச் சொன்னேன்.