கால் நின்றால் பேச்சும் நிற்கும்

ஜூலை 9, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்புக்கு இன்று விளையாட்டுப் பீரியட். விசில் ஊதியதும் பாதி வகுப்பு பந்தோடு ஓடியது. மீதிப் பாதி வழக்கம்போல மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருத்தியின் ஷூ வீட்டில் காய்கிறதாம். இந்த வெயிலில் எந்த ஷூ காயாமல் இருக்கும்? கேட்டேன். "உள்ளே ஈரம் டீச்சர்" என்றாள். வாய் மட்டும் நன்றாக ஓடுகிறது.

ஆசிரியர் அறையில் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். என் கணவரின் தங்கை. இதே பள்ளியில் கணக்கு டீச்சர். "அண்ணி, சும்மாதானே உக்காந்திருக்குதுங்க. அந்தப் பீரியடை எனக்குக் குடுத்துடுங்களேன். நாலு கணக்காவது போட வைப்பேன்."

தலைமையாசிரியை காதிலும் விழுந்தது. "அரையாண்டுக்குள்ள ஏதாவது மாற்றம் தெரியணும். இல்லேன்னா கணக்குக்கே குடுத்துடலாம்" என்றார்.

தெரியும். தெரிய வைக்கிறேன். ஓடுகிறவள் நான் இல்லாவிட்டாலும் ஓடுவாள். படியில் உட்கார்ந்திருப்பவளுக்காகத்தான் எனக்குச் சம்பளம்.

ஜூலை 11, வியாழன்

எறிபந்து, வளையம், கயிறு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். ஒருத்தி வளையத்தை எடுத்தாள். அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 16, செவ்வாய்

விசிலை மேஜையிலேயே வைத்துவிட்டு நானும் போய்ப் படியில் உட்கார்ந்தேன். திடுக்கிட்டு எழுந்தார்கள். உட்காருங்கள், நானும் களைத்துத்தான் வந்திருக்கிறேன் என்றேன். எல்லாரும் 'வானொலி' என்று கூப்பிடுகிற பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஓடுனா அத்தனை ஜன்னலும் நம்மளையே பாக்குது டீச்சர். மேல பிளஸ் டூ அக்காங்க சிரிக்கிறாங்க."

பக்கத்திலிருந்த குண்டுப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "டீம் பிரிக்கும்போது ரெண்டு கேப்டனும் என்னை 'நீ எடுத்துக்கோ, நீ எடுத்துக்கோ'ன்னு தள்ளி விடுவாங்க. அதுக்கு இங்கயே இருந்துடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. சோம்பேறிகள் என்று எத்தனை பேர் எத்தனை சுலபமாகச் சொல்கிறோம்!

சரி, உங்களுக்கு என்னதான் பிடிக்கும் என்றேன். "பேசறது!" என்று கோரஸாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. பேசட்டுமே. யார் வேண்டாம் என்றது?

ஜூலை 18, வியாழன்

சட்டம் போட்டாயிற்று. விளையாட்டுப் பீரியடில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், யாரைப் பற்றியும் பேசலாம். ஆனால் கால் நடந்துகொண்டிருக்க வேண்டும். கால் நின்றால் பேச்சும் நிற்கும். இடம், பள்ளிக்குப் பின்பக்கம்; தண்ணீர்த் தொட்டியிலிருந்து சைக்கிள் நிறுத்தம் வரை, திரும்ப. அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. கேப்டன் இல்லை, டீம் இல்லை, விசிலும் இல்லை.

"என்ன வேணா பேசலாமா டீச்சர்? உங்களப் பத்தி கூடவா?"

"எனக்குக் கேட்காத தூரத்துல நடந்துக்கிட்டு பேசுங்க."

என்னை விட்டுத் தள்ளிப் போவதற்காகவே வேகமாக நடந்தார்கள். இதைத்தானே கேட்டேன்!

ஜூலை 25, வியாழன்

வானொலி ஒரு பேய்க்கதையைத் தொடராக அவிழ்த்துவிட்டிருக்கிறாள். அவளுக்கு நடை வேகம். முடிவைக் கேட்க வேண்டுமென்றால் பின்னால் எட்டி நடை போட்டே ஆக வேண்டும். குண்டுப் பெண் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம்? அப்புறம் என்னடி?" என்று அவளை விரட்டிக்கொண்டே போகிறாள்.

வீட்டில் சொன்னால் இவர் கேலி செய்கிறார். "வம்பு பேச ஒரு பீரியடா? நான் படிச்ச காலத்துல இல்லாம போச்சே." சோபாவை விட்டு எழுந்து சொல்லியிருந்தால் மதித்திருப்பேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

படியில் ஒரே ஒரு பெண்தான் மிச்சம். மெலிந்தவள், பேசவே மாட்டாள். வகுப்பில் அவளுக்குப் 'பூனைக்குட்டி' என்று பேர். சிறு வயதிலிருந்து மூச்சு இழுப்பு. ஓடவே விடக்கூடாது என்று சேர்க்கும்போதே அவள் அம்மா சொல்லியிருக்கிறார்.

இன்று அவளே வந்தாள். "நானும் நடக்கட்டுமா டீச்சர்? கதை பாதி பாதியாதான் காதுல விழுது."

அம்மாவிடம் கேட்டுவிட்டு வா என்றேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கேட்டுவிட்டாளாம். அம்மா சரி என்றாராம். நடந்தாள். கூட்டத்தின் கடைசியில், கன்னம் சிவந்து, யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டு. இந்த வருஷம் இவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும்.

தொட்டிப் பக்கம் திரும்பும்போது பூனைக்குட்டிக்கு இழுப்பு வந்துவிட்டது. உட்கார வைத்து, அவள் பையிலிருந்த மருந்தை உறிஞ்ச வைத்தேன். சிறிது நேரத்தில் மூச்சு அடங்கியது. அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். தையல் கடை வைத்திருக்கிறார்; கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு என் பொண்ணை நடக்க விட்டீங்க?"

அப்போதுதான் தெரிந்தது, இவள் கேட்கவே இல்லை. பொய். ஆனால் நான்? நான் ஏன் அந்த அம்மாவிடம் நேரா ஒரு வார்த்தை கேக்கல? ஒரு போன் போட்டா என்ன குறைஞ்சுடும்? சந்தோஷத்துல கண்ணு மறைஞ்சு போச்சு எனக்கு.

"என் தம்பிக்கும் இதே இழுப்புதான். விளையாடிட்டு வந்து வாசல்ல விழுந்தான். எந்திரிக்கவே இல்ல" என்றார் அந்த அம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தலைமையாசிரியையிடம் அவர் புகார் கொடுத்துவிட்டார். நடை நிறுத்தம். பீரியட் கணக்குக்கு.

ஆகஸ்ட் 17, சனி

அழுது முடித்தாயிற்று. தையல் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டார். அப்புறம் சொன்னேன்: "நடக்கறது கெடுதல்னு டாக்டர் சொன்னா, நான் இனி உங்க பொண்ணு பக்கமே வரல. ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்துடலாம். நானும் வர்றேன்."

மிஷின் நின்றது.

ஆகஸ்ட் 21, புதன்

நெஞ்சு டாக்டர் மகளை ஒரு குழாயில் ஊதச் சொன்னார், அதிலிருந்த அளவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "உக்காத்தியே வச்சதுல உடம்புக்குத் தெம்பு இல்லாம போச்சும்மா. தினமும் போட வேண்டிய மருந்தை விடாம போடட்டும். நடக்கறதுக்கு முன்னாடி இந்த இன்னொண்ணை உறிஞ்சிட்டு, மெல்ல ஆரம்பிக்கட்டும். தாராளமா நடக்கலாம்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வரும்போது அந்த அம்மா, "நான் கூட வந்து நடந்தா திட்டுவீங்களா டீச்சர்?" என்றார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

பள்ளி விட்டதும் மைதானத்தை ஒட்டிய தெருவில் நடை. அம்மாவும் மகளும் நானும் மட்டும் என்று நினைத்திருந்தேன். மூலையில் வானொலி படையோடு நிற்கிறாள். "பேய்க்கதை பாதில நிக்குது டீச்சர். இவ இல்லாம எப்படிச் சொல்றது?"

செப்டம்பர் 10, செவ்வாய்

தையல்காரம்மா கடையைப் பூட்டிவிட்டுத் தலைமையாசிரியையிடம் நேரே போயிருக்கிறார். "புகார் குடுத்ததும் நான்தான், திருப்பி வாங்கிக்கறதும் நான்தான்" என்றாராம். தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நாத்தனாரைப் பார்த்தாராம்.

சாயங்காலம் நாத்தனாரே வந்தாள். "எடுத்துக்கோங்க அண்ணி உங்க பீரியடை. அந்த நேரத்துல ஒண்ணுகூட போர்டைப் பாக்கல. எல்லாம் மேஜைக்கு அடியில காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. எனக்குத் தலை சுத்துது."

காபி கொடுத்தேன். அரையாண்டுக்கு முன்பே ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக் காட்டவில்லை. இவரிடம் மட்டும் சொன்னேன், பலமுறை.

செப்டம்பர் 26, வியாழன்

பீரியட் முடிந்து பிள்ளைகள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். தையல்காரம்மா ஒரு துணிப்பையோடு வந்தார். மகளுக்குப் புது ட்ராக் பேண்ட். கருநீலம். வாங்கி உதறிப் பார்த்தேன். தையல் கண்ணுக்கே தெரியவில்லை.

"முட்டிகிட்ட கொஞ்சம் தளர்வா விட்டிருக்கேன் டீச்சர்" என்றார், பையை மடித்துக்கொண்டே. "ஓடும்போது பிடிக்கக் கூடாதில்ல?"