மூன்றாவது கோப்பை

அம்மா,

காலையில் டோலக்கைச் சுற்றியிருந்த உன் கம்பளியைப் பிரித்தேன். மூன்று நாளாக விடாத மழை. கம்பளி ஈரத்தை உறிஞ்சி, தேயிலைக் கறையும் அடுப்புப் புகையும் கலந்து நாறியது. மணந்தது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். "இந்த நாத்தம் புடிச்சதப் போத்திக்கிட்டுத்தான் ஒன்னைய வளத்தேன்" என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய்.

அதே நேரத்தில்தான் போனுக்குச் செய்தி வந்தது. நாளை மறுநாள் கண்டியில், குளக்கரையில் இருக்கிற அந்த ஹோட்டலில் ஒரு கல்யாணம். இந்த மாதத்தில் எங்களுக்குக் கிடைத்திருக்கிற ஒரே நிகழ்ச்சி. "இசைக்குழுவினர் எட்டு மணிக்குள் சமையலறைப் பக்கத்து வாசலுக்கு வரவும்" என்று எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். டோலக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தோலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்கும் அந்த நாள்தான் ஞாபகம் வந்திருக்கும்.

அன்றும் மழைதான். முந்தின நாள் ஹுன்னஸ்கிரியவில் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா. நீ பாடினாய், அப்பா டோலக், நான் ஓர்கன். மறுநாள் கலஹாவில் இன்னொரு திருவிழா. இடையில் ஒரு நாள் சும்மா கிடந்தது. வீட்டுக்குப் போய்த் திரும்ப வர நேரம் போதாது. வேனுக்குள்ளேயே படுத்துக் கிடக்கலாம் என்று அப்பா சொன்னார். நீ முன் சீட்டில் இருந்து திரும்பினாய்.

"கண்டிக்கு எத்தன வாட்டி வந்திருக்கோம்? ஆசுபத்திரிக்கு வந்திருக்கோம், பாட வந்திருக்கோம். ஒரு வாட்டியாச்சும் பாக்க வந்திருக்கோமா?"

வேன் ஓட்டிய ரஸீன் நானா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இந்த மழயில ஊர் சுத்திப் பாக்கிற குடும்பம் ஒங்கட மட்டும்தான் அக்கா. முன்னுக்குப் போற பஸ்ஸே வெளங்குதில்ல எனக்கு."

"நீங்க ரோட்டப் பாருங்க தம்பி. ஊர நாங்க பாத்துக்கிறோம்."

முதலில் பேராதனைப் பூங்கா. மூன்று பேருக்கும் ஒரு குடை. அதிலும் ஒரு கம்பி முறிந்திருந்தது. அப்பா டோலக்கை வேனில் விட மறுத்துவிட்டார். ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிட்டால் கலஹாவில் தட்டினாலும் சத்தம் வராது என்றார். நீ உன் கம்பளியைக் கழற்றி டோலக்கைச் சுற்றினாய். இருபத்தைந்து வருடம் மழையில் தேயிலைக் கொழுந்து பறித்தபோது உன்னை மூடியிருந்த கம்பளி. அது இல்லாமல் நீ நனைந்தாய். குடையின் நடுவில் டோலக், இரண்டு ஓரத்திலும் நீயும் நானும். அப்பா முழுவதுமாக வெளியே.

பெரிய பனைமரங்களின் வரிசையைப் பார்த்தாய், வெட்டிவிட்ட புல்லைப் பார்த்தாய், பூப்பாத்திகளைப் பார்த்தாய். கடைசியில் அப்பாவிடம் கேட்டாய்: "இம்மாம்பெரிய தோட்டம். ஒரு கொழுந்தக் காணோம். இங்க வேலைக்கு எத்தன பேருக்குங்க பேர் பதிஞ்சிருக்கும்?"

அப்பா சொன்னார்: "போய்க் கேளு. ஒன்னையும் பதிஞ்சுக்குவாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஊர் பார்க்க வந்த மற்றவர்கள் வெள்ளை மழைக்கோட்டுப் போட்டிருந்தார்கள். நம் மூன்று பேரையும் அந்தக் கம்பளி மூட்டையையும் அவர்கள் பார்ப்பதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்காவில் என்ன இருந்தது என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பிறகு குளத்தடி. மழையில் குளமும் இல்லை, மலையும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. "போதும், போவோம்" என்றேன். நீ அசையவில்லை. எதிரே அந்த ஹோட்டல். போன மாதம்தான் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் பாடியிருந்தோம். குளத்தைப் பார்த்தபடி கண்ணாடி போட்ட விறாந்தை. அதற்குள் கதிரைகள், வெள்ளைத் துணி விரித்த மேசைகள்.

"அன்னைக்கிப் பாடிக்கிட்டே பாத்தேன்" என்றாய். "அந்தக் கண்ணாடிக்குள்ள உக்காந்து ஒரு தேத்தண்ணி குடிக்கணும். அது போதும் எனக்கு. பொறகு எங்க வேணுமின்னாலும் போவோம்."

அப்பா தலையாட்டினார். டோலக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். நாம் பின்னால் போனோம். யாரும் நம்மைத் தடுக்கவில்லை, யாரும் வழி காட்டவுமில்லை. காவல்காரன் முன்வாசலில் நின்றான், நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் கால்கள் தாமாகவே மதிலோரமாகத் திரும்பின. குப்பை வாளிகளைத் தாண்டி, காஸ் சிலிண்டர்களைத் தாண்டி, வழுக்குகிற வாசற்படியை மிதித்து, சமையலறைக்குள் போய் நின்றோம். உள்ளே போன பிறகுதான் மூன்று பேருக்கும் உறைத்தது, நம்மை யாருமே அங்கே அனுப்பவில்லை என்று.

அதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது. விரட்டினால் சண்டை பிடிக்கலாம். விரட்டாமலேயே பின்வாசலுக்குப் போகிற காலோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

சமையலறையில் இருந்தவர்கள் நல்லவர்கள். பெரிய சமையல்காரர், சிங்களவர், போன மாதத்து அறிமுகத்தில் ஸ்டூல் எடுத்துப் போட்டார். பாதித் தமிழில், "அக்கே, டீ குடி. முன்னுக்கு போறதும் இந்தக் கேத்தல்தான்" என்றார். அப்பா போறணை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பளியை விலக்கி, டோலக்கின் தோலைச் சூட்டுக்குக் காட்டினார். கையில் பிளாஸ்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

நீ வாங்கவில்லை.

"ரொம்ப நன்றி தம்பி. தாகம்னு வரல்ல நான்" என்றாய். அப்பாவைப் பார்த்தாய். "எந்திரிங்க. முன்னுக்குப் போவோம்."

"இங்கயே குடிச்சா என்னா? ஒரே தண்ணிதானே. தோலு காயணும்."

"காயட்டும். நான் போறேன்."

மறுபடியும் மழைக்குள் இறங்கி நடந்தாய். கம்பளி டோலக்கோடு உள்ளே இருந்தது, குடையும் அங்கேயே. நான் உன் பின்னால் ஓடி வந்தேன். உனக்குத் துணையாக வந்தேன் என்று நீ நினைத்திருந்தால் அது தப்பு. உன்னைத் திருப்பிக் கூட்டிப்போகத்தான் வந்தேன். "அம்மா, அசிங்கமா இருக்கு, சீல ஒட்டிக்கிட்டுக் கெடக்கு, வா போவோம்" என்று முன்வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். காவல்காரன் அப்போதும் தடுக்கவில்லை. செருப்பைக் கால்விரிப்பில் இரண்டு தரம் துடைத்தாய். உள்ளே போய், கண்ணாடி ஓரத்து மேசையில் உட்கார்ந்தாய். உன் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கதிரைக்குக் கீழே தேங்கியது. நான் காலால் அதை மறைத்துக்கொண்டு இருந்தேன்.

வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. நமக்குப் பிறகு வந்தவர்களுக்குக் கேக் போனது. கடைசியில் டை கட்டிய ஒருவர் வந்தார். தமிழர், வடக்குப் பேச்சு. மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்கள் போன மாதம் கலியாணத்துக்குப் பாடின ஆக்கள் தானே?"

"ஆமாங்க."

"குறை நினைக்காதேங்கோ அம்மா, இது விருந்தாளிகள் இருக்கிற இடம்." உன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினார். "சரி, ஒண்டு செய்வம். மழையால எல்லாரும் உள்ளுக்கையே அடைஞ்சு கிடக்கினம். ஒரு பாட்டுப் பாடுங்கோ. தேத்தண்ணி எங்கட செலவு. அவைக்கும் சந்தோசம், உங்களுக்கும் சந்தோசம்."

நான் எழும்பிவிட்டேன். எனக்கு அது நல்ல வழியாகப் பட்டது. பாடினால் அங்கே இருப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும், எல்லாரும் கைதட்டுவார்கள், சொட்டுகிற சேலை மறந்துபோகும். "பாடேன்மா" என்றேன். அந்த ஒரு சொல்லை இன்று திரும்ப எடுக்க முடியுமென்றால் எடுத்துவிடுவேன்.

நீ என் கையைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்தாய். அவரை நிமிர்ந்து பார்த்தாய்.

"நேத்துப் பாடினேங்க. நாளைக்கும் பாடுவேன். இன்னைக்கி நான் பாக்க வந்தவ. மூணு தேத்தண்ணி கொண்டாரச் சொல்லுங்க. காசு கொடுத்துத்தான் குடிப்போம்."

சத்தம் போடவில்லை நீ. கெஞ்சவுமில்லை. கடைக்காரனிடம் அரிசி கேட்கிற குரல். அவர் திரும்பிப் போனார். தேநீர் வந்தது. வெள்ளைக் கோப்பை, அதற்கடியில் தட்டு, தனியாகப் பால், தனியாகச் சீனி.

நீ ஒரு வாய் குடித்தாய். மேசைக்கு மேலாகக் குனிந்து என் காதில் சொன்னாய்: "கொழுந்து நல்ல கொழுந்துதான். ஊத்தத் தெரியல இவனுகளுக்கு."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். நான் காலை எடுத்துவிட்டேன், தேங்கிய தண்ணீர் தெரியட்டும் என்று.

கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. "ஒன்னும் வெளங்கலியேம்மா" என்றேன். "வெளங்காட்டி என்னா? பாக்க வந்தோமில்ல" என்றாய். முழுக் கோப்பையையும் அவசரப்படாமல் குடித்தாய்.

மூன்றாவது கோப்பை அப்பாவின் கதிரைக்கு முன்னால் இருந்தது. சமையலறைக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் அவர் தெரிந்தார், போறணை ஓரத்தில், டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு. ஒருமுறை நம்மைப் பார்த்தார். நீ கையால் கூப்பிட்டாய். அவர் தோலைத் தொட்டுக் காட்டினார், இன்னும் காயவில்லை என்று. கதவு மூடிக்கொண்டது. கோப்பையில் தேநீர் ஆறி மேலே ஏடு படிந்தது. நீ அதைத் தொடவில்லை, என்னையும் தொட விடவில்லை. "அது அவருது" என்றாய்.

வேனில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கலஹாவில் டோலக் நன்றாகத்தான் பேசியது.

நீ போய் இரண்டு வருடம். ஆஸ்பத்திரி விறாந்தையில் பாயில் படுத்திருந்தாய். கட்டில் கேட்டு நான் போட்ட சண்டையில் உனக்குக் கட்டில் கிடைத்தது, ஒரு நாள் பிந்தி. நான் சண்டைக்காரி என்று கோயில் கமிட்டிக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். உன்னைப்போல மெதுவான குரலில் மறுக்க எனக்கு இன்னும் வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை அந்தச் செய்திக்குப் பதில் எழுதினேன்: "நாங்கள் முன்வாசலால் வருவோம். வாத்தியங்களும் எங்களோடு வரும்." பத்து நிமிடத்தில் ஹோட்டலிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். எல்லாப் பாட்டுக்காரரும் பின்னால்தானே வருகிறார்கள் என்றார். அப்படியென்றால் எல்லாரையும் முன்னால் வரச் சொல்லுங்கள் என்றேன். கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார். இதை எழுதும்வரை பதில் இல்லை. நிகழ்ச்சி கைவிட்டுப் போகலாம். போனால் இந்த மாதம் கஷ்டம்தான். அதற்காக எழுதியதை அழிக்கப் போவதில்லை.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சண்டை வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் கம்பளியை என்னிடமிருந்து வாங்கி, அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் விரித்துக் காயப்போட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து தன் வெள்ளைச் சட்டையை எடுத்தார்.

"இத அயன் பண்ணி வை" என்றார். "அவங்க என்னா சொன்னாலும் போவோம். பாடக் கூப்புடாட்டி பாக்கப் போவோம். கொஞ்சம் நேரத்தோட போகணும் புள்ள. ஒங்கம்மா வாங்கி வச்ச தேத்தண்ணி ஒன்னு எனக்கு அங்க கெடக்கு."

சட்டையை அயன் பண்ணிவிட்டேன், அம்மா.