பூட்டி வைத்த கதைப்புத்தகம்

சுபாஷினி அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகம்தான். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே நம் செமிலிங்கில் மழை விட்டதா? போனில் பேசினால் பிள்ளை காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

நம் மகள் நாசி லெமாக் சோறு மடித்து வந்த நாளிதழைக்கூட விடாமல் படிப்பவள். அதனால் இங்கே சிங்கப்பூரில் எந்தப் புத்தகத்தையும் நான் முழுதாகப் படித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். போன ஞாயிறு கடைக்காரப் பெண், "அக்கா, இது லைப்ரரி இல்லலா" என்றாள். சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அப்படித் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒன்றை உங்கள் அக்கா அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதாக மகள் சொன்னாள். தாய் வேலைக்காக வெளியூர் போகிற கதை அது. "பத்து வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் வேணாம், மனசு கெட்டுப் போயிரும்" என்றாராம். நீங்களும் தலையாட்டினீர்களாம். நாளிதழில் வெட்டுக்குத்துச் செய்தியை அவள் படிக்கும்போது மட்டும் உங்கள் இருவருக்கும் அவள் வயது நினைவுக்கு வருவதில்லை.

அந்தக் கதையில் வரும் சிறுமி தன் தலையைத் தானே பின்னிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறாள். நேற்று வீடியோ காலில் சுபாவின் வகிடு கோணலாக இருந்தது. அவளுக்கு நல்ல சீப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அக்காவிடம் சாவியை வாங்கி, புத்தகத்தையும் எடுத்துக் கொடுங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. பத்து வயதில் படிக்கக் கூடாத கதை என்கிறீர்கள். நீங்கள் என்னை இங்கே பஸ் ஏற்றி அனுப்பியபோது அவளுக்கு ஆறு வயது.

தேவகி