பேய் வேஷம் போட்டவளின் பெயர்

தாராவி,
வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய ஜெயராம் சாருக்கு,

நாகூர் கனி எழுதுகிறேன். டொரண்டோவில் நீங்களும் வீட்டில் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். போன் பண்ணுங்கள் என்றுதான் என் மகன் சைஃப் சொல்கிறான். போனில் நீங்கள் சிரித்துப் பேசியே என்னை மடக்கிவிடுவீர்கள். அதனால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

நீங்கள் இங்கே வந்து எடுத்த நம்முடைய ‘குழாயடிப் பேய்’ படத்தின் டிஸ்க் வந்துவிட்டது. அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் மிஷின் இல்லை. காசிம் தன் ரிப்பேர் கடையிலிருந்து ஒன்றைக் கொடுத்தான். பழைய வீடியோ கேசட்டில் படம் முழுக்க மழை பெய்கிற மாதிரி இருக்கும். இப்போது துடைத்த கண்ணாடியாக இருக்கிறது. என் பட்டறையில் பை தைத்து மிஞ்சிய தோலில் பேய்க்கு ஒரு தலை செய்து கொடுத்தேனே, அதன் கழுத்துத் தையல் ஒவ்வொன்றும் தெரிகிறது. பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் சிரிப்பு முன்னைவிட அதிகம். பேய் அலறுகிற இடத்தில் பின்னால் நம் பக்கத்து வீட்டு பிரம்மநாயகம் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். இத்தனை வருஷம் இது யாருக்கும் தெரியாது. பாவம், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சைஃப் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

என் மனைவி மெஹராஜும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள். படம் முடிந்து பெயர்கள் வந்தன. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சினிமா போஸ்டரைப் பார்த்து எழுத்துக் கூட்டியவன். அதனால் எதிலும் பெயரைத்தான் முதலில் தேடுவேன். பேயாக நடித்தவர் என்று போட்டு, பக்கத்தில் ‘யாரென்று தெரியவில்லை’ என்று போட்டிருந்தார்கள். மெஹராஜ் டிவியைப் பார்த்துச் சொன்னாள்: “தெரியலியா? ஏ, நா இங்கனதானல உக்காந்திருக்கேன்!”

டிஸ்க்கோடு ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. அதில் உங்கள் பேட்டி. சைஃப் படித்துச் சொன்னான். பேய் தன் தலையைத் தண்ணீர் வரிசையில் வைத்துவிட்டுப் போகிற காட்சியைத்தான் இன்றைக்கு ஊரெல்லாம் கொண்டாடுகிறார்களாம். அந்த யோசனை உங்களுக்குக் கனவில் வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

சார், அந்தக் காட்சியை எடுத்த அன்றைக்கு நீங்கள் தூங்கவே இல்லை. பிறகு கனவு எங்கிருந்து வந்தது?

நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் எடுக்க வந்தது பயப்படுகிற படம். பேய் வந்ததும் குழாயடியில் நிற்கும் பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். செம்பூரிலிருந்து வந்த நடிகை சாக்கடையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு டாக்ஸியில் திரும்பிவிட்டாள். ஆள் இல்லாமல், கம்பில் தலையை மாட்டி நீங்களே ஆட்டினீர்கள். ஒருத்தியும் நகரவில்லை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நீங்கள் ஓடச் சொல்லிக் கத்தினீர்கள். அவர்கள் உங்களைத்தான் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நீங்கள் என் பட்டறை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தீர்கள். அப்போது மெஹராஜ் சொன்னாள்: “தண்ணி வந்த பொறவு பேயென்ன, பேயோட உம்மாவே வந்தாலும் எவளும் எடத்த விட மாட்டா சார். அதுவும் வரிசையிலதான் நிக்கணும்.”

சொன்னதோடு விட்டாளா? நம் ஆட்கள் இடம் போட்டுவிட்டுப் போக ஓட்டை டப்பாவையோ கல்லையோ வைப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி இரண்டு வாளிகளுக்கு நடுவில் அந்தத் தலையை வைத்தாள். பின்னால் வந்த ஒருத்தி அதைத் தாண்டப் போனதும் இன்னொருத்தி, “ஏட்டி, தல போட்டிருக்குல்ல, கண்ணு தெரியல?” என்று சண்டைக்குப் போனாள். அது நீங்கள் எழுதிய வசனம் இல்லை, நிஜச் சண்டை. உங்கள் கேமராக்காரர் புத்திசாலி, நிறுத்தவில்லை. பிறகு வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு மெஹராஜே பேயாக வந்து தலையை எடுத்துக்கொண்டு குடத்தை வைத்தாள். அதற்குப் பிறகு படம் முழுக்கப் பேய் அவள்தான்.

தங்கச்சி சினிமாவில் நடிப்பதா என்று அவள் அண்ணன் வந்து குதித்தபோது, இப்போதைக்குப் பெயர் வேண்டாம், காலம் வரும்போது நானே போடுகிறேன் என்று சொன்னது நீங்கள். அவள் முன்னால் சொன்னீர்கள். அண்ணன் மௌத்தாகிப் பல வருஷம் ஆகிறது. காலம் வந்துவிட்டது.

சைஃப் டிஸ்க் கம்பெனிக்காரர்களிடம் பேசினான். டைரக்டர் தன் வாயால் சொன்னால் அடுத்த பதிப்பில் மாற்றுகிறோம் என்கிறார்கள். ஆக, உங்கள் வாய் ஒன்றுதான் சாட்சி. இதற்கிடையில் சைஃபுக்கே திடீரென்று தயக்கம். “சம்பந்தி வீட்ல என்ன நெனப்பாங்க வாப்பா?” என்றான். மெஹராஜ் விடவில்லை. “பேயா நடிச்சதுக்கு எனக்கென்னல வெக்கம்? ஒங்க வாப்பா வீட்டுல நல்ல மருமவளா நடிச்சேனே, அதுலதான் கஷ்டம் ஜாஸ்தி” என்றாள்.

அடுத்த மாதம் மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து ஹாலில் படம் போடுகிறார்கள், நீங்கள் வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த மேடையில் நீங்கள் அவள் பெயரைச் சொல்ல வேண்டும். கனவு என்று சொன்னது தப்பு என்றும் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது. நீங்கள் சொல்லாவிட்டால் நான் எழுந்து சொல்வேன். என் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும். ஆனால் நான் சொன்னால் அது புருஷன் பெண்டாட்டிக்காகப் போடுகிற சத்தம். நீங்கள் சொன்னால்தான் அது அவளுடையது.

எங்கள் சுகத்தைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். மெஹராஜுக்கு நெஞ்சில் ஆபரேஷன். படம் போடுகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். டாக்டர் அதற்கு முந்தின வாரமே வரச் சொன்னார். அவள்தான் முடியாது என்றாள். படம் பார்க்கணும், அப்புறம் நீங்க எங்க வேணும்னாலும் அறுங்க என்று டாக்டரிடமே சொல்லிவிட்டாள். டாக்டர் சைஃபைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவன் என்னிடம் பாதிதான் சொன்னான். மீதியை நான் கேட்கவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் நீங்கள் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள். மெஹராஜ் உங்களுக்கு சலாம் சொல்லச் சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். பெயரைச் சொல்லிவிட்டு, இறங்கி வந்து நீங்களே அந்தச் சலாமை அவளிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மெஹராஜின் கணவன்
நாகூர் கனி