இரண்டாம் நம்பர் வில்லை

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் என் மனைவியும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தவன், ஒருவழியாகச் சமையலறையை ஒட்டிய தகரக் கொட்டகையைப் பட்டறை ஆக்கிவிட்டேன். ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்து, சுத்தியல், ரம்பம், உளி, குறடு என்று ஒவ்வொன்றையும் ஆணியில் மாட்டி, அதைச் சுற்றிக் கறுப்பு மையால் கோடு இழுத்திருக்கிறேன். இடம் போதவில்லை என்று ஜன்னலையும் பலகை வைத்து அடைத்துவிட்டேன். கதவு, ஆலையில் கழித்துப்போட்ட இரும்புத் தகடு. யானை முட்டினாலும் அசையாது.

ஆலை வழக்கம் ஒன்றையும் கொண்டுவந்திருக்கிறேன். எந்தச் சாமானை எடுத்தாலும் அந்த ஆணியில் எடுத்தவர் தன் பித்தளை வில்லையை மாட்ட வேண்டும். என் வில்லைகளில் ஒன்று என்றும் அவளுடையவற்றில் இரண்டு என்றும் எண் குத்தியிருக்கிறேன். யார் கையில் எது இருக்கிறது என்று கேட்கவே வேண்டாம், வில்லை பொய் சொல்லாது. கதவுக்கு வெளியேயும் இரண்டு ஆணி உண்டு, ஒன்று சாவிக்கு, இன்னொன்று துடைப்பத்துக்கு. "துடைப்பத்துக்குமா வில்லை? நல்லா இருக்கு உங்க ஆலை" என்று அவள் சிரிக்கிறாள். ஆனாலும் தவறாமல் மாட்டுகிறாள்.

ஃபோன் பண்ணாதே. என் காதுகளை ஆலை இரைச்சல் தின்று வருஷமாகிறது. அவளாவது பேசலாம் என்றால், ஃபோனைப் பழுது பார்க்கப் பிரித்தேன், திரும்பச் சேர மாட்டேன் என்கிறது.

உன் தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள ஆணிக்கு,

உனக்கு அறுபது ஆனாலும் எனக்கு நீ ஆணிதான். ஐந்து வயதில் ஒன்றை விழுங்கிவிட்டு வீட்டையே அலற வைத்தவனாயிற்றே!

முழங்காலைப் பற்றிக் கேட்காதே. தையல் மெஷினை மிதித்தால் நான் ஒரு பக்கம் அழுகிறேன், மெஷின் ஒரு பக்கம் அழுகிறது. துணி வெட்டும் கத்தரியைத் தேடியே எனக்குப் பாதி நாள் போய்விடுகிறது. வரும்போது எனக்கும் ஒரு சுவர் அடித்துக் கொடுத்துவிட்டுப் போ.

அது சரி, ஜன்னலை அடைத்தா உளி மாட்டுவார்கள்? காற்றுக்கு என்ன செய்வாய்? அவள் எப்போதும் உன் கடிதத்தின் ஓரத்தில் எனக்கென்று இரண்டு வரி எழுதுவாளே, இந்தத் தடவை ஏன் காணோம்? சண்டை கிண்டை எதுவும் இல்லையே? மறக்காமல் எழுதச் சொல்.

அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் திருட்டு நடக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

திங்கட்கிழமை சுத்தியலைக் காணோம். சுவரில் கறுப்புக் கோடு மட்டும் இருக்கிறது, ஆணியில் ஒன்றாம் நம்பர் வில்லை தொங்குகிறது. என் வில்லை! நான் எடுக்கவே இல்லை. தேடித் தேடிக் கடைசியில் என் தலையணைக்கு அடியில் கிடைத்தது. புதன்கிழமை அகல உளி போயிற்று. அங்கேயும் என் வில்லை. உளி அரிசி டப்பாவுக்குள் இருந்தது.

அவளைக் கேட்டால், "நீங்கதாங்க எடுத்தீங்க, நான் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்" என்கிறாள். என் வில்லையைத் திருடி மாட்டிவிட்டு என்னையே பைத்தியக்காரன் ஆக்கப் பார்க்கிறாள். கோபத்தில் கை ஓங்கிவிட்டேன். கையில் உளி இருந்தது எனக்கு நினைவில்லை. அடிக்கவில்லை, நம்பு. அன்றிலிருந்து அவள் கூடத்தில் படுக்கிறாள்.

சொல்ல மறந்துவிட்டேனே, இடம் போதவில்லை என்று பட்டறை ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டேன்.

உன் தம்பி


ஏப்ரல் 22

என் ஆணிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதே நினைப்பில் ஒரு சட்டையின் கழுத்தையே தப்பாக வெட்டிவிட்டேன்.

கோபப்படாமல் கேள். ஒன்றாம் நம்பர் யார்? நீ. வில்லை பொய் சொல்லாது என்று எழுதியவனும் நீ. எடுத்ததும் நீதான், மறந்ததும் நீதான். ஜன்னலை அடைத்ததை எனக்குப் புதுச்செய்தி மாதிரி மறுபடியும் எழுதியிருக்கிறாய். நம் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இப்படித்தான் ஆரம்பித்தது. எனக்குப் பயமாக இருக்கிறது, உனக்காகவும், உன்னோடு தனியாக இருக்கிறவளுக்காகவும். தெருக்கோடி வீடு, கூப்பிட்டால் ஓடிவர அக்கம்பக்கத்தில் ஆள்கூட இல்லை.

மே இரண்டாம் தேதி சனிக்கிழமைக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. வந்து உன்னை நல்ல டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அதுவரை அக்கா சொல்வதைக் கேள். சுவரில் இருப்பதை எல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளு. பட்டறையைப் பூட்டு. நான் வந்து நிற்கும்வரை யார் என்ன சொன்னாலும் திறக்காதே. என்மேல் ஆணை.

அவளைத் திட்டாதே. அவள் உனக்குக் கிடைத்தது நீ செய்த புண்ணியம்.

அக்கா


ஏப்ரல் 27, திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னது அத்தனையும் செய்துவிட்டேன். உன் கடிதத்தை அவளிடமும் காட்டினேன். ரொம்ப நேரம் அழுதாள், பிறகு சிரித்தாள். "அக்கா வரட்டுங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள். நானும் மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று காலை இருவரும் சேர்ந்து டீ குடித்தோம்.

அதன் பிறகு எல்லாவற்றையும் கழற்றினேன். நாற்பத்து மூன்று சாமான், அவற்றின் ஆணிகளில் என் நாற்பத்து மூன்று வில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்து, முதல் வேலையாகக் கதவை இழுத்துப் பூட்டினேன். திறக்காதே என்று நீ சொல்லியிருக்கும்போது உள்ளே எட்டிப் பார்ப்பேனா?

மத்தியானம் சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனேன். பட்டறைக்கும் அதற்கும் ஒரே சுவர். கை வைத்தால் சுவர் அதிர்கிறது. யாரோ உள்ளேயிருந்து அடிக்கிறார்கள். அக்கா, திருடன் அகப்பட்டான்! நான் மறக்கவில்லை பார்த்தாயா? நீ வந்து திற, ஒரு சாட்சி இருக்கும்.

இதை அவளிடம் சொல்லலாம் என்றால் ஆளைக் காணோம். தன் தங்கை வீட்டுக்குப் போயிருப்பாள், சொல்லிவிட்டுப் போனால் என்ன?

செவ்வாய்

அவள் இன்னும் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது, தகரத்தில் கை வைக்க முடியவில்லை. காலையில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், லேசாக அதிர்ந்தது. இப்போது ஒன்றும் இல்லை. திருடன் களைத்துவிட்டான் போலிருக்கிறது.

கொஞ்சம் தண்ணீராவது கொடுக்காமல் இருக்க மனசு கேட்கவில்லை. ஆணையை மீறித் திறக்கப் போனேன். சாவியின் ஆணியில் சாவி இல்லை, என் வில்லை தொங்குகிறது. நான்தான் எடுத்திருக்கிறேன், நீ சொன்னது சரி. எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை. வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டேன். நீ வந்தால் தேடிக் கொடு.

துடைப்பத்தின் ஆணியில் இரண்டாம் நம்பர் வில்லை தொங்குகிறது. தங்கை வீட்டுக்குப் போகிறவள் துடைப்பத்தை எதற்கு எடுத்துக்கொண்டு போனாள்?

உன் தம்பி