ஓராள் சபையில் மூன்றில் இரண்டு

அக்கா,

நேற்று ஞாயிறு மத்தியானம் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: இவர், நான், மகள். மன்னாரிலிருந்து போனில் மாமி. தண்ணீர்ப் போத்திலில் போனைச் சாய்த்து வைத்திருந்தோம். அதில் மாமியின் நெற்றி மட்டும் தெரிந்தது. வேறு ஒருவரும் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் இவர் தோடம்பழம் உரித்தார். அந்தத் தோலின் மணம் எழும்ப, நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். அதே நேரம் மகள் உங்களுடைய சொல் ஒன்றைச் சொன்னாள்.

“அப்பா வீட்டோ போட்டிட்டார்.”

விஷயம் இதுதான். மகளுக்குத் திரியெஸ்தெயில் மொழிபெயர்ப்புப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் இருக்கிற பலெர்மோவிலிருந்து பார்த்தால் அது நாட்டின் மற்ற அந்தம். வருகிறாளா இல்லையா என்று வருகிற திங்களுக்குள் அவள் எழுதிவிட வேண்டும். போய்ப் படிக்கட்டுமே என்று நான் சொல்லியிருந்தேன், அரை வாயால். இவர் வேண்டாம் என்றுவிட்டார்.

உங்களுக்கு அமெரிக்க விசா வந்த காலத்தில் மகள் சின்னப் பிள்ளை. அங்கே போய்ச் சில வருடம் இருந்த பிறகு குடியுரிமைக்கு ஒரு சோதனை வைப்பார்கள் என்று அங்கிருந்த உங்கள் மகன் சொல்லியிருந்தார். கேள்விகளை அனுப்பியும் வைத்தார். நீங்கள் அடுத்த ஞாயிறே படிக்கத் தொடங்கிவிட்டீர்கள். இன்னும் பிளேனே ஏறவில்லை, இப்போதே என்ன அவசரம் என்று கேட்டேன். “பிள்ளை, விளக்குக்கு எண்ணெய் கலியாண வீட்டு வாசலிலை விக்கமாட்டாங்கள்” என்றீர்கள்.

மொண்டெல்லோவில் நீங்கள் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்ட வயதான சிஞ்ஞோரா உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு தருவா. அன்றைக்கு நாங்கள் சாந்தா ரொசாலியா புனிதையின் கோயில் மலைக்கு ஏறுவோம். அதனால் படிப்பும் மலையிலேயே நடந்தது. செபமாலையில் ஒரு பத்து முடிந்து அடுத்த பத்துத் தொடங்குமுன் ஒரு கேள்வி. நான் வாசிக்க வேண்டும், நீங்கள் மறுமொழி சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலம் படித்தது மாப் பைக்கற்றிலும் மருந்துப் போத்திலிலும்தான். இருந்தாலும் வாசித்தேன். சட்டம் ஆக்குவது ஆர்? காங்கிரஸ். அதில் எத்தனை சபை? இரண்டு, செனட்டும் பிரதிநிதிகள் சபையும். சரியாகச் சொன்னால் உங்களுக்கு ஒரு தோடம்பழச் சுளை. பிழை என்றால் அது மகளுக்கு. அவள் உங்களுக்கு மறுமொழி பிழைக்க வேண்டும் என்று மன்றாடிக்கொண்டே ஏறுவாள். கற்பூரம் கொண்டு மேலே போகிற மொரீசியஸ் இந்துப் பெண்கள், இது என்ன புதுப் பிரார்த்தனை என்று எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அரசாங்கத்தை ஏன் மூன்றாகப் பிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மலைப்பாதை வளைவில் நின்று ஒரு பழத்தைப் பிளந்து காட்டினீர்கள். பழம் ஒன்றுதான். உள்ளுக்குள் சட்டவாக்கம், நிறைவேற்று, நீதி என்று சுளைகள். “இடையிலை இருக்கிற தோல் எவ்வளவு மெல்லிசு பார். ஆனாலும் ஒண்டின்ரை சாறு மற்றதுக்குள்ளை போகாது.”

பிறகு என் வீட்டையும் பிரித்துத் தந்தீர்கள். வரவு செலவு எழுதுகிறவள் நான். பணப்பெட்டி காங்கிரசின் கையில்தான் இருக்கும், ஆகவே காங்கிரஸ் நான். இவர் ஜனாதிபதி. மாமி உச்ச நீதிமன்றம், ஏனென்றால் ஆயுள் முழுக்கப் பதவி, ஒருவராலும் விலக்க ஏலாது. இதை இவரிடம் சொன்னபோது வுச்சீரியாச் சந்தையில் வாங்கிவந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். “இவ சொல்லுறா, நான் போய் மீன் வாங்கிறன். ஜனாதிபதி எண்டால் இவ்வளவுதானோ அக்கா?” என்று கேட்டார். ஜனாதிபதிக்கு வீட்டோ என்கிற மறுப்பு அதிகாரமும் இருக்கிறது என்று நீங்கள் அவருக்கு ஆறுதல் சொன்னீர்கள். அன்றைக்கே அதைச் சோதித்துப் பார்த்தார். வாங்குவதென்று நான் முடிவு செய்திருந்த திரைச்சீலைக்கு வீட்டோ.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது நீங்கள் சொன்னது: “வீட்டோ எண்டால் கதை முடிஞ்சுது எண்டில்லை. அது திரும்பி உன்னட்டைத்தான் வரும். ரெண்டு சபையிலையும் மூண்டிலை ரெண்டு பங்கு கை உயர்ந்தால், அவர் கையெழுத்து வையாமலே சட்டம்.”

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் விமானநிலைய பஸ்ஸில் உங்களை ஏற்றிவிட்டு நாங்கள் நடந்தே வீட்டுக்கு வந்தோம். சில வருடம் கழித்துச் சோதனை முடிந்த அன்று போன் எடுத்தீர்கள். சட்டத்தை மறுக்கிறவர் ஆர் என்று அதிகாரி கேட்க, “ஜனாதிபதி” என்று சொல்லி, மலைப் பழக்கத்தில் “ஆமென்” என்றும் சேர்த்துவிட்டீர்களாம். அவர் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தானும் மெல்ல ஆமென் சொன்னாராம். மகளுக்குப் பதினெட்டு வயதானபோது, இனி அவள் செனட், நீ மற்றச் சபை என்று போனிலேயே அறிவித்தீர்கள். போன மாரியில் உங்கள் மகன் செய்தி சொன்னார். உங்கள் அடக்கப் பூசையை இதே போனில் பார்த்தோம்.

நேற்று மகள் இவரிடம் காரணம் கேட்டாள். தனியாக ஒரு பெண் பிள்ளை அவ்வளவு தூரம் போவதோ என்றார். பிறகு உண்மையைச் சொன்னார். “குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு, டொக்டரிட்டை, என்ரை வேலைக் கடதாசிக்கு, எல்லாத்துக்கும் இவள்தானே எங்கடை வாய். இவள் போனால் நாங்கள் ஊமை.” அதற்காகத்தான் அதையே படிக்கப் போவதாக மகள் சொன்னாள். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கிற வரிசையில் எத்தனையோ பேர் வாயில்லாமல் நிற்கிறார்கள் என்றாள்.

மாமியிடம் கேட்டோம். நெற்றி போனுக்குக் கிட்ட வந்தது. “வேண்டாம் எண்டு சொல்ல அவனுக்கு உரிமை இருக்கு. அதைத் தாண்டிப் போக உங்களுக்கும் உரிமை இருக்கு. போறது நல்லதோ கூடாதோ எண்டு என்னட்டைக் கேட்காதையுங்கோ, அது என்ரை வேலையில்லை.” நீங்கள் சொல்லிக் கொடுக்காமலே மாமி தன்னுடைய சுளைக்குள் நின்றுவிட்டா.

மகள் கையை உயர்த்தினாள். செனட் முடிந்தது. மற்றச் சபையில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். ஒருத்தி மட்டும் உள்ள சபையில் மூன்றில் இரண்டு என்றால், கணக்குப்படி முழு ஆளும் வேண்டும். அரை வாய் செல்லாது. கடைசி நாள் வரைக்கும் தவணை கேட்டேன். இவர் தோடம்பழச் சுளை ஒன்றை மகளின் கையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

இவருடைய பயம் வாயில் வந்துவிட்டது. என்னுடையது வரவில்லை. கடதாசிகளை எப்படியாவது நானே வாசித்துவிடுவேன். எனக்குள்ள தடை நீங்கள்தான். அங்கை நல்லா இருக்கோ என்று ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்டேன். குசினி பெரிது என்றீர்கள். பனி என்றீர்கள். ஆர் ஆர் மலைக்கு வருகிறார்கள் என்று திருப்பி என்னைக் கேட்டீர்கள். கடைசியாகக் கதைத்தபோது விடாமல் கேட்டதற்கு, “அதைப் போனிலை சொல்லேலாது. எழுதுறன்” என்றீர்கள். கடிதம் வரவில்லை. தூரமாகப் போனவர்கள் நன்றாக இருந்தார்களா என்று எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு உங்களுடையது. அதில் அந்த ஒரு இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு பிள்ளையை அனுப்பக் கை முழுதாக உயரவில்லை.

இப்போது நான் தனியாகத்தான் மலை ஏறுகிறேன். செபமாலையில் பத்துக்கும் பத்துக்கும் இடையில் அந்த இடைவெளியை இன்னும் விடுகிறேன். கேள்வி எதுவும் இல்லாவிட்டாலும் அவ்வளவு நேரம் நின்றுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவேன். வருகிற ஞாயிறு கேள்வி இருக்கிறது. நீங்கள் பழம் பிளந்த வளைவில் கேட்பேன்.

போனது நல்லதோ அக்கா? ஓம் அல்லது இல்லை, அது போதும். எழுதுறன் எண்டு சொன்னனீங்கள். திங்களுக்கு முதல் பதில் தாங்கோ.